தாமத நாட்கள்

கிளிநொச்சியில் கரண்ட் போன பிற்பகல்.
மடிக்கணினியில் பதினொரு வீதம் மிச்சம்.
மூன்றாம் அத்தியாயம் திறந்தபடி கிடக்கிறது:
'மேலவைகள் எதற்கு?'

ஒரு சட்டமூலத்தை
அப்படியே விழுங்கிவிடாமல்
இன்னொரு வாயில் போட்டு மெல்லுவதற்கு
என்று எழுதியிருந்தேன்.
மேற்பார்வையாளர் ஓரத்தில் சிவப்பில் கேட்டார்:
ஆய்வேடா, சமையற் குறிப்பா?

அழித்தேன்.
'இரண்டாம் யோசனை' என்று திருத்தினேன்.
அடிக்குறிப்பு நாற்பத்திரண்டு.

எங்கள் நாட்டிலும் ஒன்று இருந்தது.
செனட் சபை. முப்பது கதிரை.
எழுபத்தொன்றில் மூடினார்கள்.
அதற்காக ஒருவரும் அழுததாகச்
சான்று கிடைக்கவில்லை.

இல்லாத சபைக்கு
இத்தனை பக்கமா என்றார்
ஓட்டோ மருதமுத்து.
இங்கே கச்சேரி அலுமாரிகளில்
இல்லாதவர்களைப் பற்றிய கோவைகள்தான் தடிப்பு
என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை.

இரணைமடு அணைக்கட்டில் ஓட்டோ நின்றது.
காட்சி பார்க்க அல்ல, எஞ்சின் சூடு.
இரணை என்றால் சோடி.
முன்பு இரண்டு மடுவாம்,
அணை வந்து ஒரே நீராக்கியதாம்.
'ஈரவை' என்று நான் மொழிபெயர்த்துத் திணறிய சொல்
இங்கே பேருந்துப் பலகையில் ஓடித் திரிகிறது.
உள்ளங்கையில் குறித்தேன்.
பாதி வியர்வையில் போயிற்று.

வான்கதவைக் காட்டினேன்.
மேலவையின்ர வேலை இதுதான் அண்ணை,
பிடிச்சு வைக்கிறது.
கொஞ்ச நாள்.
கீழே வயல் இருக்கெண்டு
வெள்ளத்துக்கு ஞாபகப்படுத்துறது.

"நல்ல வேலைதானே. சம்பளம் குடுத்தாங்களா?"

குடுத்தவை.

"அப்ப செஞ்சிருப்பாங்க."

எழுபத்தேழில் மஸ்கெலியாவிலிருந்து
லொறியில் வந்து இறங்கிய குடும்பம்.
சாந்தபுரத்தில் காடு வெட்டிய கை.
தகப்பனுக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி வந்தபோது
கையெழுத்து வைக்கத் தகப்பன் இல்லை.
இதை அவர் சொன்னது போன மாசி,
மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டே.

இரவு கரண்ட் வந்தது.
அட்டவணை ஐந்து:
சட்டமூலம், மேலவைக்கு வந்த திகதி,
வெளியேறிய திகதி, தாமத நாட்கள்.
நான்காம் நிரை,
நாற்பத்தெட்டாம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம்.
கழித்தேன்.
பிழையோ என்று திரும்பவும் கழித்தேன்.
சின்ன எண்.
விதைத்த உளுந்து பூப்பதற்கும் காணாது.

கடதாசி வர எடுத்த ஆண்டுகளுக்கு
என் அட்டவணையில் நிரல் இல்லை.
ஒன்று சேர்த்தேன்.
தலைப்பு எழுதும் இடத்தில்
சுட்டி துடித்துக்கொண்டே இருந்தது.

காலை ஏழேகாலுக்கு வாசலில் ஹோர்ன் கேட்கும்.
அந்த எண்ணை அவர் கேட்டால்?

கேட்கமாட்டார்.
செய்திருப்பார்கள் என்று
நம்பிவிட்டார்.