பதினாறு கிடங்குகள்

ஜப்பானிய மொழியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும்,
ஏதாவதொரு ஜப்பானிய நகரத்தைப் பற்றி.
பர்மா சாலை மாடி வகுப்பில் சீட்டெடுத்தோம்.
சியூ சிங்குக்குப் பனி விழும் சப்போரோ.
ஹஃபிசுதீனுக்குக் கியோத்தோ; மான்களைப் பற்றிப் பேசப்போகிறானாம்.
மான்கள் நாராவில் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.
எனக்கு ஒசாகா.

இரண்டு வாரம் படகில் படித்தேன்.
காலையில் பட்டர்வொர்த் போக,
மாலையில் ஜார்ஜ்டவுன் திரும்ப,
பத்துப் பத்து நிமிடமாக ஒரு நகரம்.

முதலில் வெறும் கடல்.
ஆறாயிரம் வருடத்துக்கு முன்னால்
இகோமா மலையின் கணுக்கால்வரை உப்புத் தண்ணீர்.
தெற்கிலிருந்து வடக்கே நாக்கை நீட்டியபடி
உயெமாச்சி என்று ஒரே ஒரு மேடு.
யோதோவும் யமாத்தோவும்
அவசரமே இல்லாமல் வண்டலைக் கொண்டுவந்து கொட்டின.
விரிகுடாவின் வாய் ஒடுங்கியது.
உப்புக் குறைந்து ஏரியானது,
ஏரி சேறானது, சேறு வயலானது.
கர்னி கடற்கரையில் அதே வேலையை
லாரிகள் சில வருடத்தில் முடித்துவிடுகின்றன.

சரக்கு அனுப்பும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
அதனாலோ என்னவோ
அந்த ஒரு பத்தியைத் தாண்டவே முடியவில்லை:
ஐந்தாம் நூற்றாண்டு, மேட்டின் வடகோடி,
இரண்டு வரிசையாகப் பதினாறு பெரிய கிடங்குகள்.
உள்ளே என்ன வைத்தார்கள்? தானியமாக இருக்கலாம்.
யாருக்காக? அதுவும் ஊகம்தான்.
மரம் போயிற்று, கூரை போயிற்று,
தூண் நின்ற குழிகள் மட்டும் மிச்சம்.
மண் அங்கே வேறு நிறமாம்.
ரசீது இல்லை, இன்வாய்ஸ் இல்லை.
எங்கள் மேனேஜர் கூ பார்த்தால்
அன்றைக்கே மருத்துவ விடுப்பு எடுப்பார்.

தேர்வு நாளில் மழை.
நிஷிவாகி சென்செய் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.
கடல் வந்தது. மேடு வந்தது. ஆறுகள் வந்தன.
அடுத்த சொல் வரவில்லை.
கடலாகவும் இல்லாமல் ஏரியாகவும் ஆகாமல்
உப்பா நன்னீரா என்று இன்னும் முடிவெடுக்காத
அந்தத் தண்ணீருக்கு ஒரு சொல்.
காலைப் படகில்கூட இருந்தது.

"கழி" என்றேன்.

எஸ்.பி.எம். இலக்கியத் தாளுக்குப் பிறகு
ஒருமுறையும் நான் சொல்லியிராத சொல்.
நெய்தல் பாட்டில் சுறா நீந்தும், தாழை மணக்கும்,
தேர் வர வழியில்லாத கழி.
எங்கே கிடந்ததோ இத்தனை நாள்.

சென்செய் நிமிர்ந்தார். "கழி?"
இரண்டு கைகளையும் கரைகளாக்கி
மெல்ல மூடிக் காட்டினேன்.
"ஆ, கத்தா" என்றார்.
கழி, கத்தா.
உறவொன்றும் இல்லை;
ஒரே மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர்.
மதிப்பெண்ணில் இரண்டு குறைந்தது.

கிடங்குக்கு வந்தபோது
பின்வரிசையில் ஹஃபிசுதீன் "குடாங்" என்று முணுமுணுத்தான்.
அது எங்களிடமிருந்து போன சொல் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள்.
அதைச் சொல்ல ஜப்பானியம் போதவில்லை.
மணி அடித்துவிட்டது.

இரவு வீடு திரும்பும்போது
எங்கள் தெருமுனை நடைபாதையில் ஒரு குழி.
கம்பமோ பலகையோ பிடுங்கியிருக்கிறார்கள்.
விளிம்புவரை மழைநீர், அதில் ஒரு தெருவிளக்கு.
எட்டு வருடமாக இந்த வழியாகத்தான் போகிறேன்.
அங்கே என்ன நின்றது என்று
எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.