இடுப்பு இருபத்தெட்டு

அளவு நோட்டில் அறுபத்தொன்றாம் பக்கம்.
மேலே ஆயுதப்படைக் காவலர் ஒருவரின் காக்கி பேன்ட்,
கீழே கான்வென்ட் பிள்ளையின் பாவாடை,
நடுவில் பென்சிலில் நீ.
சேர்மக்கனி, நயினார்குளம் மார்க்கெட்.
மார்பு முப்பத்தாறு. இடுப்பு முப்பத்தொன்று.
பாக்கி நானூறு.

அன்றைக்குச் சின்ன வெங்காய லோடு இறக்கிவிட்டு
அப்படியே வந்திருந்தாய்.
டேப்பைச் சுற்றியபோது
தோளிலிருந்து வெங்காயச் சருகு உதிர்ந்தது.
"டிவியில ஆடப்போறேன்க்கா,
ஜிகினா நல்லா அடிச்சு விடுங்க."
நான் நம்பவில்லை. அட்வான்ஸ் கேட்டேன்.

பிறகு சனிக்கிழமை ஒன்பதரைக்கு
என் கடையில் மிஷின் ஓடாது.
தொகுப்பாளர் வாராவாரம் அல்வா எங்கே என்பார்,
நீயும் வாராவாரம் புதிதாய்க் கேட்டதுபோலச் சிரிப்பாய்.
மூட்டை சுமந்த முதுகு அப்படி வளையும் என்று
உன் முதலாளிமார் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அளவு போனில் வரும், ராத்திரி பதினொரு மணிக்கு மேல்.
நான் கொடுத்துவிட்ட பழைய டேப்பால் நீயே எடுத்து,
முப்பது.
பதினைந்து நாளில் இருபத்தொன்பது.
அப்புறம் இருபத்தெட்டு.
நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்:
என்ன உழைப்பு! உடம்பை எப்படிச் செதுக்கியிருக்கிறான்!
எனக்குக் கத்தரி ஓடவில்லை.
ஆடி மெலிகிற உடம்புக்குத் தொடை இறுகும்.
உனக்குத் தொடையளவும் கூடவே இறங்கிற்று.
"ஏல, ஆஸ்பத்திரில காட்டுனியா?"
"பைனல் முடியட்டும்க்கா."

காலிறுதிக்கு நீலப் பேன்ட்.
"மாறலக்கா. இருபத்தெட்டேதான்."
எனக்குத் தெரிந்து நீ சொன்ன ஒரே பொய்.
நானும் ஒரு கள்ளத்தனம் செய்தேன்.
முப்பத்தொன்றுக்கே வெட்டி,
பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தேன்.
திரும்பச் சதை பிடிப்பாய்,
பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று.

பாட்டு தொடங்கிப் பத்தாவது நொடியில்
உன் இடது கை இடுப்புக்குப் போனது.
கடைசி வரை அங்கிருந்து எடுக்கவில்லை.
குதித்தாய், சுழன்றாய், முட்டி போட்டுச் சறுக்கினாய்,
எல்லாம் ஒற்றைக் கையோடு.
கை ஏன் பூட்டிக்கிடக்கு தம்பி என்று
இரண்டு மார்க் குறைத்தார்கள்.
இரண்டே மார்க்கில் வெளியே வந்தாய்.

ஆனித் தேருக்கு வடம் பிடிக்க வந்த கூட்டத்தில்
சந்திப்பிள்ளையார் முக்கில் பையன்கள்
வரிசையாய் நின்று ஆடினார்கள்,
அத்தனை பேர் இடது கையும் இடுப்பில்.
சேர்மா ஸ்டெப்பாம்.
அது ஸ்டெப் இல்லலே, பேன்ட் நழுவுதுலே என்று
கத்த வாய் வந்தது.
பல்லில் நூல் இருந்தது.

ஹைகிரவுண்டில் பதினேழு நாள்.
சிந்துபூந்துறைக்கு உன்னைக் கொண்டுபோன அன்று
கல்யாண ஆர்டர் இருக்கிறது என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.
சேனல்காரர்கள் முப்பது நொடி கொடுத்தார்கள்:
ஒரு மெழுகுவர்த்தி, ஒரு வயலின், பிறகு அந்தக் கை.
வண்ணார்பேட்டைப் பாலத்தடி பிளெக்ஸிலும் அந்தக் கைதான்.

நேற்று உன் தம்பி வந்தான்,
நீலப் பேன்டைக் கட்டைப்பையில் சுருட்டிக்கொண்டு.
மார்க்கெட்டுக்கும் இதையே போட்டுப் போனாயாமே,
சாக்குச் சணலை இடுப்பில் கட்டி.
"எனக்குச் சேருற மாதிரி ஆக்கித் தாங்கக்கா,
காலேஜ் விழாவுல ஆடணும்."

பிளேடால் தையலைப் பிரித்தேன்.
வெளியே வெயில் தின்ற நீலம்.
மடிப்புக்குள்ளே
துணிக்கடையில் நான் தேர்ந்தெடுத்த நீலம் அப்படியே,
ஓரத்தில் ஒட்டிய கொஞ்சம் ஜிகினாத் தூளோடு.
அவனுக்குச் சரியாக வந்தது.

கண்ணாடி முன்னால் நின்று
இடது கையை இடுப்பில் வைத்துப் பார்த்தவன்
சட்டென்று திரும்பிக் கேட்டான்:
"அண்ணனுக்கு எத்தனக்கா இடுப்பு, கடைசியா?"

நோட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டினேன்.
"இருபத்தெட்டு."