ஏல எண் 214

லெய்டனில் மழை.
செய்தியே இல்லை, ஆனாலும் குறித்துக்கொள்கிறேன்.
பட்டியல் எழுதுவது என் வேலை.
திவால் நிர்வாகி ரீட்பர்க் அம்மையார் சொல்லியிருக்கிறார்:
கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் ஓர் எண் கொடு.

ஒன்று முதல் நாற்பது வரை நாற்காலிகள்.
நாற்பத்தொன்று காபி இயந்திரம்,
தொட்டால் இன்னும் சூடு.
அறுபத்திரண்டு, வரவேற்பறைச் சுவரில்
சட்டம் போட்டு மாட்டிய ஒப்புதல் கடிதம்.
போன மார்ச்சில் அது வந்த அன்று
பங்கு விலை எகிறியதாம்,
மேயர் வந்து கேக் வெட்டினாராம்.
சட்டத்துக்கு மூன்று யூரோ போட்டேன்.
கடிதத்துக்கு எதுவும் போடவில்லை.

லீஸ்பெத் டெர்ப்ஸ்ட்ரா
பதினோரு வருடம் இங்கே வேதியியலாளர்,
சம்பள பாக்கி வரிசையில் ஏழாவது பெயர்.
சாவிக்கொத்தோடு அறை அறையாகக் கூட வந்தார்.
மருந்து சரியில்லையா என்று கேட்டேன்.
"ரொம்பச் சரியாக இருந்தது. அதுதான் சிக்கல்."

வேறெதற்கும் மசியாத கிருமி
இதற்கு மசிந்தது.
எனவே மருத்துவமனைகள் பத்துப் பத்துக் குப்பியாக வாங்கி
அலமாரியில் வைத்துப் பூட்டின.
கண்டவருக்கும் கொடுத்தால் கிருமி பாடம் படித்துவிடும்.
கொடுக்காமல் காத்தால்
காத்துக் கிடக்கிற மருந்துக்கு
யார் காசு தருவார்?

"நம் வீடுகள் கடல் மட்டத்துக்குக் கீழே" என்றார்,
குளிர்பதன அறையின் கதவைத் தோளால் தள்ளியபடி.
"கரைக்கு வருடா வருடம் வரி கட்டுகிறோம்.
வெள்ளம் வந்த வருடத்துக்கு மட்டுமா கட்டுகிறோம்?"

ஹேக்கில் அமைச்சகம் யோசித்துக்கொண்டுதான் இருந்தது.
பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும்
ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு சந்தா.
நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள்.
அடுத்த கூட்டம் செப்டம்பரில்.
இது ஜூன்.

நொதிகலனை ஹார்லெமிலிருந்து வந்த பீர்க்காரர்
விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
நல்ல விலைக்குப் போயிற்று.
இருநூற்றுப் பதின்மூன்று உறைபெட்டி: பெட்டி மட்டும்.
உள்ளே இருக்கும் நுண்ணுயிர் வகைகள்
விதிப்படி அழிக்கப்பட வேண்டும்.

இருநூற்றுப் பதினாலு:
குப்பிகள், பத்தொன்பது.

அதை எழுதும்போதுதான் தொலைபேசி.
என்ஸ்கெடே மருத்துவமனையின் மருந்தாளர்,
மூச்சு வாங்கியபடி.
கூரை வேயும் ஆள், பெயர் ஃபெர்ஹாத், முப்பத்துநாலு வயது,
எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று.
ஏழு நாளைக்கு இருபத்தெட்டுக் குப்பி வேண்டும்.

சொத்தை இலவசமாகக் கொடுக்க முடியாது.
கடன்காரர்கள் நூற்றுப் பத்துப் பேர்.
விலைக்குக் கொடுக்கலாம் என்றால்
விற்கிற உரிமமே போன வாரத்தோடு முடிந்துவிட்டது.
ரீட்பர்க் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
"காலாவதி எப்போது?"
"அடுத்த பிப்ரவரி" என்றார் லீஸ்பெத்.
"எனக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு
கழிவுப் படிவத்தில் கையெழுத்திட்டார்.
கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கட்டத்தை
நிரப்பவில்லை.

பனிப்பெட்டி ஏல எண் எழுபத்தேழு.
அதையும் எடுத்துக்கொண்டுதான் லீஸ்பெத் வண்டியேறினார்.
குறைகிற ஒன்பதுக்கு
நெடுஞ்சாலையில் போகும்போதே
க்ரோனிங்கனுக்கும் மாஸ்ட்ரிக்டுக்கும் பேசினாராம்.
பூட்டிய அலமாரிகளில் எத்தனை திறந்தன,
எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பட்டியலில் 213க்கு அடுத்து 215.
கணக்காளர் அடிக்கோடிட்டு அனுப்பினார்.
தட்டச்சுப் பிழை என்று பதில் போட்டேன்.

அக்டோபரில் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் வந்து
எங்கள் அலுவலகத்துக்குத் திருப்பப்பட்டது:
சந்தா முறை பற்றிய கலந்தாய்வில்
தங்கள் நிறுவனம் பங்கேற்க வேண்டுமென
அமைச்சகம் விரும்புகிறது.

உறையை எந்தக் கோப்பில் வைப்பதென்று தெரியாமல்
காபி போட எழுந்தேன்.
அந்த நாற்பத்தொன்றாம் எண் இயந்திரம்
இப்போது எங்களிடம்தான் இருக்கிறது.
யாரும் கேட்காததால்
இருபது யூரோவுக்கு நானே எடுத்தேன்.