முதல் நிலையம்

படிவத்தில் எட்டு நிலையங்கள்.
முதலாவதில் மட்டும் வருடாவருடம் தகராறு.
"சுரங்கத்தின் பாதிப்பில்லாத மேல்நீர்" என்று
அச்சடித்து அனுப்பிவிடுகிறார்கள்.
பரவனாற்றுக்கு மேல்நீர் எங்கே?
ஜீப் ஓட்டும் இருதயராஜ்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் எடுத்து
மண்மேட்டைக் காட்டுகிறார்.
"அதுக்கு அந்தாண்ட இருந்துச்சாம் மேடம்."

எனவே இரண்டிலிருந்து தொடங்குகிறோம்.

சித்திரை வெயில்.
சுற்றுவட்டாரத்து ஓடையெல்லாம் மணல்.
இது மட்டும் முழங்காலளவு ஓடுகிறது,
குழிக்குள்ளிருந்து இறைத்துக் கொட்டும் தண்ணீரில்.
மோட்டார் நின்றால் ஆறு நிற்கும்,
ஆறு நின்றால் கரையோரம் கதிர் வாங்கும் நெல் நிற்கும்.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?
நன்மை, தீமை என்று
இரண்டே கட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குகிறேன்.
பதினாறு சென்டிமீட்டரில் காணாமல் போகிறது.
இழுக்கிறேன், பதினான்கில் முகம் காட்டுகிறது.
பதினைந்து என்று எழுதிக்கொள்கிறேன்,
இரண்டு இடத்திலும் இல்லாத எண்.

பிறகு வாய் குறுகிய கண்ணாடிப் புட்டி.
ஒரு குமிழிகூட உள்ளே போகக் கூடாது.
ஆற்றின் மூச்சைத்தான் அளக்க வேண்டும்,
என் மூச்சை அல்ல.
இரண்டு மருந்தும் விட்டு, மூடி, கவிழ்த்தால்
ஆக்சிஜன் இருக்கும் நீர் பழுப்பாய்த் திரளும்.
செருப்பில், துவைத்த துணியில்,
மூக்கு சிந்திய கைக்குட்டையில்
எனக்குப் பிடிக்காத பழுப்பு,
இந்தப் புட்டிக்குள் மட்டும்
வா வா என்று காத்திருக்கிறேன்.

இரண்டில் வந்தது, இஞ்சி டீ நிறத்தில்.
மூன்றில் பால் அதிகமான டீ.
நான்கில்
நீராகாரம்.

அங்கேதான் அம்மாக்கண்ணு
இடுப்பளவு மடுவில் நின்று
கையால் தடவி மீன் பிடித்துக்கொண்டிருந்தாள்.
கூடையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி
நூறு ரூபாய் கொடுத்தேன்.
ஜிலேபி நாற்பத்தொன்று.
கெளுத்தி ஒன்பது.
விரால் ஒன்று; அதைத் தொட விடவில்லை.
"கணக்குக்குன்னா நின்னு பாத்துக்க,
அது குழம்புக்கு."

அயிரை?
சேற்றுக் கையால் முந்தானையை ஒதுக்கினாள்.
"மேல வந்து வாய் தொறந்து காத்து குடிக்கத் தெரிஞ்சதுதான்
இங்க தங்குது. வெலயும் கம்மி."
அறிக்கையின் நான்காம் அத்தியாயத்தை
இருபத்து மூன்று பக்கமாக
நான் எழுதப்போவது இதைத்தான்,
விலையை விட்டுவிட்டு.

சல்லடையில் சேறு அலசினால்
சிவப்புப் புழுக்கள், நெளி நெளியாய்.
மூச்சு முட்டும் இடத்தில் பிழைக்க
ரத்தத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டவை.
தட்டான் குஞ்சு ஒன்றும் இல்லை
என்று எழுதிய பிறகு
ஐந்தாம் நிலையத்தில், வேலிக்காத்தான் வேரடியில்
ஒன்று கிடைத்தது.
அடித்துவிட்டு, 1 என்று எழுதினேன்.
அந்த ஒன்றை எழுத
அவ்வளவு நேரமானது.

குறிஞ்சிப்பாடி லாட்ஜ். மின்விசிறி சத்தம்.
ஆபீஸிலிருந்து நிரஞ்சனா பேசினாள்:
"முதல் நிலையம் காலியா இருக்கக் கூடாதுக்கா.
எதோட ஒப்பிட்டுக் கெட்டுப்போச்சுன்னு சொல்றது?
போன வருஷம் போட்டிருக்கீங்களே."

போன வருடத் தாளைப் புரட்டினேன்.
வரைபடத்தில் அந்தப் புள்ளிக்குப் பச்சை நிறம்.
கரைந்த ஆக்சிஜன் 6.8.
என் கையெழுத்து, என் ஏழு போல வளையும் ஆறு.
கையெழுத்துக்குக் கீழே தேதி, நேரம், "வானம் தெளிவு."

எங்கே மொண்டேன் அந்தத் தண்ணீரை?

இதே லாட்ஜ். இதே அறையாகக்கூட இருக்கலாம்.
குளியலறைக் குழாய் அங்கேயேதான் இருக்கிறது,
கழுத்தில் துருவோடு.
புட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்
அதன் முன்னே நிற்கிறேன்.
திருகினால்
முதலில் வெறும் காற்று வருகிறது,
நெடுநேரம்.