கருதப்படுகிறது

லெபோ லைட் உயர்நீதிமன்றம், இரண்டாம் மாடி.
இங்கே குளிர்சாதனம்
கோட்டு போட்டவர்களுக்காக வைத்தது.
நான் ஜுருபாசா.
கூண்டுக்கும் மேடைக்கும் நடுவே
பதினேழு வருடமாக நிற்கும் ஒரு வாய்.

தவனேசன் அனக் லெலாக்கி சின்னையா
"நான் அந்தப் பையைத் திறக்கவே இல்லங்க" என்றான்.
நானும் அந்தப் பையைத் திறக்கவில்லை என்று
மலாயில் சொன்னேன்.
தொழில் அப்படி. அவன் 'நான்' என்றால்
நானும் 'நான்'.
'அவன் சொல்கிறான்' என்று ஒதுங்கிக்கொள்ள
விதியில் இடமில்லை.

ஜெலுத்தோங் சமிக்ஞை விளக்கு. மோட்டாரின் முன்கூடையில் பை.
பைக்குள் பிஸ்கட் டின், டின்னுக்குள் மைலோ பாக்கெட்டு,
அதற்குள் மூன்று பொட்டலம்.
இரசாயனத் துறை அம்மாள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
நிகர எடையைப் படித்தார்:
பதினைந்து புள்ளி ஏழு கிராம்.

பதினைந்தில் இருக்கிறது கோடு.
இந்தப் பக்கம் நின்றால் வைத்திருந்தவன்,
அந்தப் பக்கம் கடத்தியவன்.
புள்ளி ஏழு
ஒரு மூக்குத்தி இருக்குமா?

பிறகு அந்தச் சொல் வந்தது. டியாங்காப்.
எத்தனையோ முறை சொன்னதுதான்:
"நீ கடத்தியதாகக் கருதப்படுகிறது."
அவன் நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
"யாருக்கா கருதுறாங்க?"

செயப்பாட்டு வினை
செய்தவன் பெயரைச் சொல்லாமலே முடிந்துவிடும்.
பள்ளியில் நான் முழு மதிப்பெண் வாங்கிய இலக்கணம்.
பதினேழு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
கேள்வியை மேடைக்குத் திருப்பினேன்.
நீதிபதி பேனாவை மூடி, கோபமில்லாமல்,
"சட்டம் என்று சொல்லுங்கள்" என்றார்.
சொன்னேன்.
அறிமுகமில்லாத ஓர் உறவினர் பெயரைக் கேட்டவன்போல்
தலையாட்டினான்.

முன்பெல்லாம் தீர்ப்புக்கு ஒரே வாக்கியம்.
கழுத்தில் தொடங்கி உயிரில் முடியும்.
முதல்முறை சொன்ன அன்று
வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டேன்;
திருத்த ஆளில்லை.
இப்போது இரண்டு உண்டு. நீதிபதி தேர்ந்தெடுக்கலாம்.
இரண்டாவதைத் தேர்ந்தார்:
ஆயுள். பிரம்படி பன்னிரண்டு.
ஆயுள் என்றால் முப்பது வருடம் என்றும் விளக்கினேன்.
இருபத்தாறு வயதுக்காரன் விரல்விட்டுக் கூட்டினான்.
"கைதான நாளிலிருந்து கணக்கு" என்றேன்.
அதை ஏதோ சலுகைபோலச் சொல்லிவிட்டது என் குரல்.

நடைவழியில் அவன் அம்மா பாக்கியவதி,
கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.
சங்கிலி லெபோ பினாங் அடகுக்கடையில், வக்கீலுக்காக.
"ரெண்டு பவுனுக்குக் கொஞ்சம் கொறச்சல்" என்றார், கேட்காமலே.
கிராமில் கணக்குப் போடாமலிருக்கப் பார்த்தேன்.

"பன்னண்டையும் ஒரே நாள்லயா குடுப்பாங்கம்மா?
தவணை தவணையா கெடையாதா?"

அடகுக்கடையில் உண்டு.
சட்டத்தில் இல்லை. எனக்குத் தெரியும்.
ஆனால் இதை மலாயில் மாற்றச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.
தமிழில் வந்தது, தமிழிலேயே நின்றது,
லிப்ட் வரும்வரை
எங்கள் இருவருக்கும் நடுவில்.