இரண்டாம் பருவம், கடைசி வெள்ளி

மூன்று மணிக்குள் மடல் அச்சுக்குப் போக வேண்டும்.
மேசைக்கடியில் ஹீட்டர்
என் இடது முழங்காலை மட்டும் வறுக்கிறது.
வெளியே ஜூலை, தெற்குத் தீவின் தென்கோடி.
ஜிம் கட்டடத்தின் நிழல் எதுவரையோ
அதுவரை திடலில் உறைபனி,
அப்பால் சேறு.

முதல்வரின் பத்தி வந்துவிட்டது:
'பெருமைக்குரிய பருவம்.'
போன பருவமும் பெருமைக்குரியதே.
தேதியை மாற்றியிருக்கிறார்,
அதிலும் ஒரு பிழை.

ஃபெர்கஸ் டன்னேஜ், கம்பளி தரம்பிரிப்பு,
வட்டாரத்தில் இரண்டாமிடம்.
(அன்றைக்குத்தான் வேதியியல் தேர்வு.
அதை யார் போடப்போகிறார்கள்.)
வலைப்பந்து பி அணி ஒரே கோலில் தோல்வி.
'கடும் போராட்டம்' என்று எழுதித் தந்தார்கள்.
நான் போயிருந்தேன். மழையில் நின்று பார்த்தேன்.
கடும் போராட்டம்தான்.
பேச்சுப் போட்டியில் கெய்ட்டா பராட்டா,
ஆற்று விலாங்குகளைப் பற்றி, மாவோரியில்.
நடுவர் மூவரில் இருவருக்கு மொழி தெரியாது;
தெரிந்தவர் மதிப்பெண் போட மறந்து
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
முதலிடம்.

பதினொன்றரைக்குத் தபால்.
மடியாத உறை, உள்ளே அட்டை,
கணிதப் போட்டி, பத்தாம் வகுப்பு,
நாட்டிலேயே முதல் இருபதில் ஒருத்தி:
ரிஸெல் திமாகுலாங்கன்.

எழுத்துப்பிழை இல்லாமல் அச்சிட்டிருக்கிறார்கள்.
எனக்கு அந்தப் பெயர் கைவர மூன்று வாரமாயிற்று.
சேர்க்கைக்கு வந்த அன்று அவள் அப்பா
பால் வாசனையோடு இந்தக் கவுண்டரில் சாய்ந்து
எழுத்தெழுத்தாகச் சொன்னார்.
பொருளும் சொன்னார், நான் கேட்காமலே:
'குறைக்க முடியாதவர்.'

ஜூன் முதல் தேதி ஒப்பந்தங்கள் முடியும்.
பால்பண்ணைக் குடும்பங்கள் இடம் மாறும்.
சாலை முழுக்க மாட்டு லாரி,
மெத்தை கட்டிய டிரெய்லர்,
பின்சீட்டில் மீன்தொட்டியை மடியில் வைத்த பையன்.
மறுநாள் பதிவேட்டில் பதினேழு பேர் குறைந்தார்கள்.
அவளும்.

'இப்போது நம் மாணவி இல்லையே, லோயிஸ்'
என்கிறார் முதல்வர். உண்மை.
இருநூறு கிலோமீட்டர் வடக்கே
அவளுடைய புதுப் பள்ளிக்குப் போன் செய்தேன்.
'தேர்வு மே மாதம். அப்போது எங்கள் மாணவி இல்லையே'
என்றாள் அங்கே என்னைப் போல் ஒருத்தி.
அதுவும் உண்மை. அவள் பின்னாலும்
ஓர் அச்சு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு உண்மைக்கும் நடுவில் அட்டை
என் ஸ்டேப்ளர்மேல் சாய்ந்து நிற்கிறது.
மாடு கறக்க நாலு மணிக்கு எழும் வீட்டில்
எந்நேரம் போட்டாள் இந்தக் கணக்கையெல்லாம்?
நூலக அட்டையில் தேதி முத்திரை குத்தும்போது
நிமிர்ந்து பார்க்காத பெண்.
முன்னந்தலையின் வகிடு மட்டும்தான்
எனக்கு ஞாபகம்.

சாதனைப் பக்கம் அவர் பார்வைக்குப் போகும்.
கடைசிப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.
இருபத்திரண்டு வருடமாக அது என் பக்கம்.

கண்டெடுத்த பொருட்கள்:
நீல மதிய உணவு டப்பா, மூடி இல்லை.
மூக்குக் கண்ணாடி, ஒரு காது இல்லை.
கம்பூட், இடது கால், அளவு ஒன்பது.
சான்றிதழ் ஒன்று, தங்க விளிம்பு, கணிதம்,
ரிஸெல் திமாகுலாங்கன் பெயருக்கு.
நம்முடையது. அவளுடையது.

இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகள்,
அதற்குமேல் ஒன்று.
அதை அட்டையோடு பெரிய உறையில் வைத்து
சில்லறைச் செலவுக் கணக்கில்
'ஸ்டேப்ளர் பின்' என்று எழுதி
தபால்தலை ஒட்டினேன்.

மூன்றேகாலுக்கு மணி அடித்தது.
பேருந்துகள் போய்விட்டன.
ஃபெர்கஸ் மட்டும் திரும்பி ஓடிவந்து
கதவில் மூச்சு வாங்கிக்கொண்டு
'என் கம்பூட் இங்கே இருக்கிறதாமே' என்றான்.
எடுத்துக் கொடுத்தேன்.
அவன் கால் அளவு பதினொன்று.