ஆள் எண்ணம்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில்
போட்டு கிளம்புமுன் நிரப்பும் படிவம் நான் எழுதியது,
மார்த்தாண்டத்தில், சன்னலுக்கு நேரே மேம்பாலம் ஓடும் அறையில்.
டீசல், ஐஸ், வலை, ஆள் எண்ணம்.
கடைசிக் கட்டத்துக்கு ஒற்றை வரி:
எண்ணாக மாற்று; முடியாவிட்டால் 0.
சோதித்தேன். 7 ஏழாயிற்று. 12 பன்னிரண்டாயிற்று.
எல்லோரும் என்னைப் போலவே எழுதுவார்கள் என்று
எனக்கு ஓர் எண்ணம்.

வந்தவை வேறு.
பத்து.
9 பேர்.
௧௧ (யாரோ தமிழ்சாருடைய மகன்).
ஒன்றுக்குப் பக்கத்தில் சுழியம் போலவே உட்கார்ந்திருந்த
ஆங்கில ஓ.
ஒருவர் கைப்பேசி எண்ணையே போட்டுவிட்டார்:
உலகம் முழுக்க ஏறியும்
அந்தப் போட்டில் இடம் மிச்சம்.
அதை மட்டும் பிழையில்லாமல் வாசித்தது நிரல்.
சிரித்துத் திருத்தினோம்.

சுழியம் சிரிக்க வைக்காது.
கூட்டுத்தொகைக்குள் போய்ச் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை டோக்கன் அறையிலிருந்து சகாய லிற்றி:
"ஆளில்லாம போட்டு தன்னால ஓடுமா பிள்ளே?
ஸ்டெல்லா மாரிஸ்ல ஒருத்தருமில்லன்னு காட்டுது.
பின்ன நாலாயிரம் லிட்டர் டீசல யாரு குடிச்சா?"

பதிவைத் தோண்டினேன்.
கிளாட்ஸ்டன் அடித்திருந்தது:
11+ஜெபின்

மகனாம். பதினெட்டு முடிந்த வாரம்.
பங்கு கிடையாது, பழகட்டும் என்று கூட்டிப்போனது.
அந்தக் கூட்டல் குறியை
என் நிரலால் விழுங்க முடியவில்லை,
துப்பவும் சொல்லிக்கொடுக்கவில்லை நான்.
பன்னிரண்டு பேரும் இல்லாமல் போனார்கள்
ஒரு வரியில்.

இரவோடு இரவாக அதை எடுத்தேன்.
படிக்க முடியாததைப் படிக்க முடியவில்லை என்று சொல்.
முதலில் கிடைத்த பதினொன்றோடு நிறுத்திக்கொள்ளாதே
(சில மொழிகள் நிறுத்தும்;
ஜெபின் கரையிலேயே நின்றிருப்பான்).
பன்னிரண்டு என்று நீயாகவும் கூட்டாதே.
எழுதியபடியே வை.
வரிசையைச் சிவப்பாக்கு.
ஒரு மனுஷியைக் கூப்பிடு.

பழைய பதிவுகளை மறுபடி ஓட்டியதும்
திரையில் நாலு சிவப்பு.
லிற்றிக்குச் சிவப்பு கண்ணில் உறுத்தும்.
ஒவ்வொருவராய் விளித்துக் கேட்டாள்:
"எண்ணம் வேண்டாம், பேரச் சொல்லும்."
மூன்று பச்சையாயின.
ஸ்டெல்லா மாரிஸ் எல்லைக்கு வெளியே.
மணி போகவில்லை.

ஒன்பது நாள்.
அந்தக் கட்டத்தில் இன்னும்
பதினொரு பேரும் ஒரு பெயரும்.

"இந்தச் சிவப்பு எப்பம் மாறும்?" என்கிறாள்.

அவங்க வந்து சொன்னா.